10 மணி நேரம் தூங்கியும் தீராத அசதி! சோம்பேறித்தனமா? வியாதியா?

"ராத்திரி 9 மணிக்கே படுத்தாச்சு. காலையில 7 மணிக்குத்தான் எழுந்தேன். ஆனாலும் ராப்பூரா மூட்டை தூக்கின மாதிரி உடம்பெல்லாம் வலிக்குது!"

இப்படி ஒருவர் சொன்னால் வீட்டில் என்ன பதில் கிடைக்கும்? "தூங்கித் தூங்கியே உடம்பு கெட்டுப்போச்சு" என்பார்கள். ஆபீசிலோ "சரியான தூங்குமூஞ்சி" என்று பட்டமே கட்டிவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள்! அந்த ஆள் நிஜமாகவே நோயாளியாக இருக்கலாம்.

எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராத ஒரு வியாதி இருக்கிறது. "குரோனிக் பெட்டிக் சிண்ட்ரோம்" என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நாட்பட்ட களைப்பு நோய் என்று சொல்லலாம்.

ஆஸ்பத்திரியையே மூட வைத்த வியாதி

1955-ம் ஆண்டு ஜூலை மாதம். லண்டனில் உள்ள ராயல் ப்ரீ ஆஸ்பத்திரியில் நர்சுகளும் டாக்டர்களும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துவிட்டார்கள். தலைவலி, தொண்டை வலி, கை கால் வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம்!

292 ஊழியர்களுக்கு இந்தக் கதி. வைத்தியம் பார்க்க ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியையே அக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. சிலருக்கு அந்தப் பலவீனம் நாள் கணக்கில் போகாமல் இழுத்துக்கொண்டே போனது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? 15 வருடம் கழித்து, 1970-ல் இரண்டு மனநல டாக்டர்கள் பழைய கேஸ் குறிப்புகளைப் படித்துவிட்டு, "இது வெறும் மனப்பிராந்தி. ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தருக்குத் தொற்றிக்கொண்டது" என்று எழுதிவிட்டார்கள். படுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார்கள்!

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் இன்க்ளைன் வில்லேஜ் என்ற சின்ன ஊரில், 1984-85-ல் இதே மாதிரி பலர் மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1988-ல், இந்த வியாதிக்கு இப்போதைய பெயர் வந்தது.

ஆனால் பத்திரிகைகள் சும்மா விடவில்லை. "பணக்கார இளசுகளின் புளூ ஜுரம்" என்று கிண்டல் செய்தன. நோயாளிகள் வாய் மூடிக் கிடந்தார்கள்.

2015-ல்தான் திருப்பம். அமெரிக்க மருத்துவக் கழகம் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளை அலசிப் பார்த்துவிட்டு, "இது நிஜமான உடல் வியாதி. மனப்பிரமை கிடையாது" என்று அடித்துச் சொன்னது.

3 அறிகுறிகள்

சும்மா ஒரு வாரம் அசதியாக இருந்தால் இந்த வியாதி என்று பயந்துவிடாதீர்கள். 3 அறிகுறிகள் முக்கியம்.

முதலாவது, முன்பு சுலபமாகச் செய்த வேலையைச் செய்ய முடியாத அளவுக்குக் களைப்பு. அதுவும் 6 மாதத்துக்கு மேல்.

இரண்டாவது, கொஞ்சம் அலைந்துவிட்டு வந்தாலே பிறகு படுக்கையில் தள்ளிவிடும். இன்று கடைத்தெருவுக்குப் போய் வந்தால், நாளையோ நாளை மறுநாளோதான் அடி விழும். அது நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ நீடிக்கும்.

மூன்றாவதுதான் தூக்கம். எத்தனை மணி நேரம் தூங்கினாலும், எழுந்திருக்கும்போது தூங்கின மாதிரியே இருக்காது.

இவற்றோடு மறதி, மூளை மந்தம் இருக்கும். அல்லது எழுந்து நின்றால் தலை சுற்றும்.

அமெரிக்காவில் 2021-22-ல் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் 100-க்கு 1.3 பேருக்கு இந்த வியாதி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நோயாளிகளில் நாலில் ஒருவராவது ஏதாவது ஒரு காலகட்டத்தில் வீட்டோடு, படுக்கையோடு கிடக்க நேரிடுகிறது.

பலருக்கு ஏதோ ஒரு வைரஸ் ஜுரம் வந்து போன பிறகு ஆரம்பிக்கிறது. கொரோனா வந்து போன பிறகும் சிலருக்கு இதே தொல்லை!

குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

நாம் படுக்கையில் கிடந்த நேரத்தைத்தான் கணக்குப் பார்க்கிறோம். உடம்பு பார்ப்பது வேறு கணக்கு.

லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று தூக்கம் சுற்றுச் சுற்றாக வருகிறது. ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். ஒரு ராத்திரியில் நாலைந்து சுற்று வரும். நடுநடுவே சுற்று அறுந்தால், 8 மணி நேரம் படுத்தும் பிரயோஜனம் இல்லை.

சுற்றை அறுக்கும் முதல் எதிரி யார் தெரியுமா? குறட்டை!

"அவருக்கென்ன, குறட்டை விட்டுத் தூங்கறார்" என்கிறோம். ஆனால் சிலருக்கு நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது. 10 விநாடி, சில சமயம் அதற்கும் மேலே! மூளை பதறிப்போய் எழுப்பிவிடுகிறது. மறுபடி தூக்கம், மறுபடி மூச்சு நிற்கும். மணிக்கு 5 தடவை நின்றாலே அது வியாதி. 30 தடவையைத் தாண்டினால் ஆபத்தான நிலை.

தூங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும்.

இதற்கு வைத்தியம் உண்டு. மூக்கில் முகமூடி மாதிரி மாட்டிக் காற்றைச் செலுத்தும் கருவியை 1981-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்தார். அதை மாட்டிக்கொண்டு தூங்கிப் பல வருட அசதியைத் தொலைத்தவர்கள் உண்டு.

இங்கேதான் வித்தியாசம்!

குறட்டை வியாதியால் வந்த அசதி, தூக்கத்தைச் சரி செய்தால் தீர்ந்துவிடும். நாட்பட்ட களைப்பு நோயில் அப்படி இல்லை. நன்றாகத் தூங்க வைத்தாலும் வலியும் அவஸ்தையும் கொஞ்சம் குறையுமே தவிர, வியாதி அடியோடு போகாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, குறட்டை வியாதி எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். இவை எல்லாம் வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிறவை. களைப்பு நோய்க்கென்று தனி ரத்தப் பரிசோதனை இல்லை. மற்றவை இல்லை என்று பார்த்த பிறகு, அறிகுறிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

"எழுந்து ஓடு!" என்று விரட்டாதீர்கள்

"உட்கார்ந்தே இருக்கிறதாலதான் அசதி. தினமும் ஓடினா சரியாயிடும்" என்பது ஊரார் புத்திமதி. சாதாரண ஆளுக்கு அது சரி. இந்த நோயாளிக்கு அதுவே விஷம்.

டாக்டர்களும் ஒரு காலத்தில் இதையே சொன்னார்கள். தினம் தினம் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். பலருக்கு நிலைமை மோசமாயிற்று. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பான 'நைஸ்', அந்த முறையே கூடாது என்று தூக்கி எறிந்துவிட்டது.

பிறகு என்னதான் வழி? சம்பளக்காரரின் பட்ஜெட் மாதிரிதான்! கையில் உள்ள தெம்புக்குள் வேலையை அடக்க வேண்டும். குளித்தால் ஓய்வு. சமைத்தால் ஓய்வு. இன்றைக்குத் தெம்பாக இருக்கிறதே என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் அது கடன் வாங்கிச் செலவு செய்கிற மாதிரி. உடம்பு மீட்டர் வட்டி போட்டு வசூலித்துவிடும்!

தூக்கத்துக்கும் சில வழிகள் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். "ஒரு பெக் போட்டா நல்லா தூக்கம் வரும்" என்பது பொய். குடித்தால் குறட்டையும் மூச்சுத் திணறலும்தான் கூடும். மருந்துக் கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

வீட்டிலோ ஆபீசிலோ தூங்கியும் தூங்கியும் அசந்து கிடக்கிற ஆள் இருக்கிறாரா? அவருக்குப் பட்டம் கட்டாதீர்கள்.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேளுங்கள். முடிந்தால் கூடவே போய்விட்டு வாருங்கள்.