முன்னே நடந்தோர் காட்டும் வழி

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவருக்கும் கல்லூரி வாயிலுக்கும் இடையே உள்ள தொலைவு மதிப்பெண்ணால் மட்டும் அளக்கப்படுவதன்று. எப்பாடத்தைத் தேர்வது, எச்சான்றிதழை எப்போது பெறுவது, எந்நாளுக்குள் விண்ணப்பிப்பது, எவ்வுதவித்தொகையை யாரிடம் கேட்பது என்னும் சிறு சிறு செய்திகளும் சேர்ந்ததே அத்தொலைவு. பட்டம் பெற்ற பெற்றோர் வாழும் இல்லத்தில் இச்செய்திகள் அன்றாடப் பேச்சிலேயே பிள்ளைகளை வந்தடைகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்ல நினைக்கும் பிள்ளைக்கோ அவற்றை எடுத்துச் சொல்வார் இல்லை. அவ்விடத்தில் நின்று சொல்லத் தக்கவர் யார், அவர் சொல்ல வேண்டுவன யாவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய மரபு

மாணவரே மாணவர்க்கு உதவுதல் நமக்குப் புதிதன்று. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் பெரும்பாலும் ஒருவரே இருப்பார். வயதிலும் பயிற்சியிலும் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை என்னும் பெயரோடு இளையோர்க்குப் பாடம் சொல்லி ஆசிரியருக்குத் துணை நிற்பான். 1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் படைவீரர்தம் ஆண் குழந்தைகளுக்காக நடைபெற்ற காப்பகப் பள்ளியை மேற்பார்வையிட்டு வந்தார். நம் நாட்டுச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தி, மூத்த சிறுவரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு 1833-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பெற்ற பள்ளிக்கு 'மதராஸ் கல்லூரி' என்றே பெயர்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதனோடு ஒப்புநோக்கத் தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் (கி.பி. 624) நிகழ்ந்த பத்ருப் போரிற் சிறைப்பட்டோருள் மீட்புப் பொருள் தர இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை பெறலாம் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எழுத்தறிந்த ஒருவர் பதின்மருக்குக் கடன்பட்டவர் என்னும் கருத்து அதனுள் பொதிந்திருப்பதை நாம் உணரலாம்.

இடைவெளி எங்கே?

2006 நவம்பரில் அளிக்கப்பெற்ற நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் பட்டமோ பட்டயமோ பெற்றிருக்க, முஸ்லிம்களுள் அவ்வளவு 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்று காட்டியது. தமிழகத்திலோ, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைவிட மிகுதியாகவே இருந்தது. எனவே இங்குள்ள வினா எழுத்தறிவு பற்றியதன்று; எழுத்தறிந்த இல்லத்திற்குப் பட்டம் வந்து சேர்கிறதா என்பதே. பன்னிரண்டாம் வகுப்போடு கடல் கடந்து பொருளீட்டச் செல்லும் இளைஞரும், நல்ல மதிப்பெண் பெற்றும் வீட்டோடு இருந்துவிடும் பெண்மக்களும் நம் ஊர்களில் இன்றும் உளர். இஃது ஒரு சமுதாயத்திற்கு மட்டும் உரியதன்று. 2021-22-ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வி மாணவர் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழகத்தில் 47. நாட்டில் முன்னணியில் நிற்கும் மாநிலத்திலும் செல்ல வேண்டிய தொலைவு பாதிக்கு மேல் உள்ளது என்பது இதனாற் புலனாகும்.

மூத்த மாணவர் ஏன்?

ஆசிரியர் அறிவிற் பெரியவர். ஆயினும் அவர் கல்லூரியிற் சேர்ந்த காலம் வேறு. ஓராண்டுக்கு முன் அதே வரிசையில் நின்றவருக்கு, எந்த இடத்தில் கால் இடறும் என்பது நினைவில் இருக்கும். ஆசிரியரிடம் கேட்க நாணும் வினாவை 'அண்ணே' என்றும் 'அக்கா' என்றும், கடற்கரை ஊர்களில் 'காக்கா' என்றும் 'ராத்தா' என்றும் அழைத்து இளையோர் எளிதிற் கேட்பர். பெற்றோர் திறத்திலும் இஃது உண்மையே. தம் மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் தாய்க்கு நூறு துண்டறிக்கைகள் தராத நம்பிக்கையை, அடுத்த தெருவிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்குச் சென்று திரும்பும் பெண்ணொருத்தி தந்துவிடுவாள்.

மூன்று துறைகள்

உயர்கல்விக்குச் செல்லும் வழியில் கடக்க வேண்டிய துறைகள் மூன்று.

முதலாவது, பத்தாம் வகுப்பின் இறுதி. பதினோராம் வகுப்பில் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவே பின்னர்த் திறக்கும் கதவுகளையும் அடைபடும் கதவுகளையும் முடிவு செய்கிறது. உயிரியல் படியாதவர்க்கு மருத்துவம் எட்டாது. வழிகாட்டுதல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் தொடங்கினால் பாதி காலம் கடந்துவிடும். பள்ளி மாற்றமும் இங்கே எண்ணத்தக்கது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-இலும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு வழங்கப்பெற்றது. பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றிருத்தலே அதற்குத் தகுதி. கடைசி இரண்டாண்டுகளுக்கு மட்டும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், அதனால் இழப்பது யாது என்பதை மாற்றுமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தேர்வு முடிவுக்கும் சேர்க்கைக்கும் இடைப்பட்ட சில வாரங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை முடிவு வெளிவருமுன்னரே பெற்றிருத்தல் நன்று. 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு அளிக்கப்பெற்ற 3.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டைப் பெற, அரசின் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் சான்றிதழில் இருத்தல் இன்றியமையாதது. பெயரின் எழுத்துவேறுபாடும் பெருந்தடையாகும். மதிப்பெண் பட்டியலில் 'முகமது' என்றும் ஆதார் அட்டையில் 'முஹம்மது' என்றும் இருப்பின், அதனைத் திருத்துவதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிடக்கூடும். ஒன்பதாம் வகுப்பிலேயே இதனைப் பார்க்கச் சொல்லும் மூத்தவர் பேருதவி புரிந்தவராவார்.

பொறியியலுக்குரிய தரவரிசைக் கணக்கையும் விளக்கிக் காட்டலாம். கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றவர்க்குக் கணித மதிப்பெண் முழுதாகவும், ஏனையவை பாதியாகவும் கொள்ளப்பெற்று, 90, 42, 44 எனக் கூடி 200-க்கு 176 ஆகும். கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை உண்மையான விருப்ப வரிசையிலேயே நிரப்ப வேண்டும். பட்டியலில் மேலிருந்து பார்த்து, தம் தரவரிசைக்குக் கிட்டும் முதல் இடமே ஒதுக்கப்படும். 'இது கிடைக்காது' என்றெண்ணி விரும்பியதைக் கீழே இறக்குவோர், கிடைக்கக்கூடியதைத் தாமே இழப்பர்.

மூன்றாவது, கல்லூரியின் முதற்பருவம். தமிழ்வழியிற் பயின்று வந்தவர் ஆங்கிலத்தில் நடைபெறும் வகுப்பில் திகைத்து நிற்கும் காலம் இதுவே. முதற்பருவத்தில் இரண்டு மூன்று தாள்கள் தங்கிவிட்டால், படிப்பைக் கைவிடும் எண்ணம் தலைதூக்கும். வழிகாட்டுவோர் சேர்க்கையோடு கடமை முடிந்ததென எண்ணுதல் கூடாது. பாடக் குறிப்புகளைத் தருதல், கலைச்சொற்களின் பொருளைத் தமிழில் விளக்குதல், பழைய வினாத்தாள்களைக் காட்டுதல் என்பன இங்குப் பெரிதும் பயன்படும். அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. இத்தகைய உதவிகளுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க நினைவூட்டுவதும் அவர்தம் பணியே.

வழிகாட்டுவோர்க்குச் சில வரம்புகள்

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. தொழிற்படிப்புக்கான மாநில நுழைவுத்தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. மருத்துவத்திற்கு 2017 முதல் தமிழகத்தில் நீட் தேர்வு வந்தது. ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை நிறுத்தியதாக நடுவண் அரசு 2022-இல் அறிவித்தது. எனவே தம் காலத்து விதியை இன்றைய விதியாகச் சொல்லாது, அவ்வாண்டு அறிவிப்பைப் படித்தபின்னரே சொல்லுதல் வேண்டும். இடம் வாங்கித் தருவதாக வாக்களித்தலும், பணத்தையோ மூலச் சான்றிதழ்களையோ கையில் வாங்குதலும் அறவே ஆகா. தாம் படித்த பாடத்தையே பிறர்மேற் சுமத்துதல் வழிகாட்டுதல் ஆகாது. வழிகளை எடுத்துக் கூறலாம். முடிவு மாணவருடையதாகவும் பெற்றோருடையதாகவும் இருத்தல் வேண்டும். மனச்சோர்வு, வீட்டுச் சிக்கல் போன்றவற்றைத் தாமே தீர்க்க முயலாது ஆசிரியரிடம் சேர்ப்பித்தலே முறையாகும்.

செய்யத்தக்கது

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. துறைதோறும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் சிலர், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், தாம் படித்த பள்ளிக்கே ஆண்டுக்கு மூன்று முறை செல்லலாம்: பத்தாம் வகுப்பிற்கு ஒருமுறை, பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுக்குப்பின் ஒருமுறை, முடிவு வெளிவந்த வாரத்தில் ஒருமுறை. மாணவியர்க்கு மாணவியரே பேசுதல் நன்று. தாய்மொழியில் தெளிவுற விளக்கும் பயிற்சி பெற்ற தமிழ்த்துறை மாணவர், படிவங்களிலும் அறிவிப்புகளிலும் உள்ளவற்றை எளிய தமிழில் ஒரு பக்க அளவில் எழுதித் தருவராயின், அது அவர்தம் கல்விக்கும் பயன், ஊருக்கும் பயன்.

நம் கல்லூரியில் இன்று அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் எவரோ ஒருவர் ஒரு சொல்லால் இவ்வாயிலுக்கு அனுப்பி வைத்திருப்பார். அச்சொல்லை அடுத்தவர்க்குச் சொல்லுதல் அறம் மட்டுமன்று, கடனுமாகும். ஒருவர் ஓராண்டில் ஒருவரைக் கல்லூரி வாயிலிற் சேர்த்தாலும், ஓர் இல்லத்தின் வரலாறு அவ்வாண்டில் மாறும். வல்ல இறைவன் அம்முயற்சிக்குத் துணை நிற்பானாக.