ஒரு சொட்டு எண்ணெய் போதும்!

மாணவர்களே, விடியும் முன் பால்மரம் சீவக் கிளம்பும் தாத்தாவின் பழைய கப்சாய், எத்தனை முறை உதைத்தும் உயிர்பெறாவிட்டால் என்னவாகும்? வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். அன்றைய கூலியும் குறையும். லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் அதிகாலை வேலையே ஒரு சிறு தீப்பொறியை நம்பியிருந்தது எனலாம்.

ஹோண்டா சூப்பர் கப் 1958இல் அறிமுகமானது. அவ்வகைப் பழைய வண்டிகளில் ‘பாயிண்ட்’ என்ற சிறு மின்தொடுப்பு உண்டு. சுழலும் கேம் அதைத் திறந்ததும் காயிலில் மின்னோட்டம் அறுபடும். காந்தப்புலம் சட்டென மறையும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலால் பல ஆயிரம் வோல்ட் எழுந்து, பிளக்கில் பொறி பறக்கும்.

பாயிண்டின் குதி கேமை உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெய் வற்றினால் குதி தேயும், இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாகும், வண்டி திணறும். அதனால்தான் கேமைத் தொட்டிருக்கும் கம்பளித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார்கள்.

அதிகம் விட்டால் நல்லதுதானே? இல்லை! தெறித்த எண்ணெய் பாயிண்டின் முகத்தில் கருகி, மின்னோட்டத்தைத் தடுக்கும்.

இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள்.