கட்டும் திருகும்: கூபக எலும்பு முறிவை நிலைநிறுத்தும் முறை

'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல் ஐரோப்பிய மொழிகளிற் குடியேறிய வரலாறு யாவரும் அறிந்ததே. அச்சொல்லின் முதற்பகுதி சோழமண்டலக் கடற்கரையின் தொழில்நெறியையே சுட்டுவதாகும். இக்கரையில் ஆணியறையாது மரத்தை மரத்தோடு கயிற்றாற் பிணித்துக் கலஞ் செய்தனர். சென்னையில் துறைமுகம் அமையுமுன் கப்பலினின்று மக்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனவே. அலை மோதுங்கால் ஆணியறைந்த படகு பிளந்துபோம். தைத்த படகோ சிறிது நெகிழ்ந்து கொடுத்து மீளும். பழவேற்காட்டுக் குப்பங்களில், குறிப்பாக 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. ஆயினும் 'கட்டு' என்னும் சொல் அம்மக்களின் வாழ்வில் மற்றோரிடத்தில் இன்றும் உயிர்ப்புடன் நிற்கின்றது. எலும்பு முறிந்தவர்க்குச் செய்யும் மருத்துவமும் அவர்க்குக் 'கட்டு'த்தான். ஆந்திர நாட்டுப் புத்தூரில் மூங்கிற் சிம்பும் பச்சிலைச் சாறும் முட்டையின் வெண்கருவும் கொண்டு போடப்பெறும் கட்டு, சென்னைக்கு வடபால் உள்ள சிற்றூர்களில் பெரும்பெயர் பெற்றது.

கை கால் முறிவுகளுக்குக் கட்டு யாங்ஙனம் பயன்படுகின்றது என்பது எளிதில் விளங்கும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுக்களை அசையாவண்ணம் நிறுத்தினால், இடைப்பட்ட எலும்பு தானே கூடும். இந்நெறி கூபகத்துக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். வினா மருத்துவர்க்குரியதன்றோ எனின், ஒருவாற்றான் ஆம். ஆயினும் விடையைத் தமிழிற் சொல்லுதற்குரிய சொற்கள் நம்மிடம் உளவோ என்பது நமக்குரிய வினா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். உடற்கூற்றியல் முழுதையும் தமிழிற் சொல்லுதல் ஒல்லும் என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட சான்று அது.

கூபகம் என்பது இடுப்பில் அமைந்த எலும்பு வளையம். பின்னே நடுவில் திருவெலும்பு, இருமருங்கும் இடுப்பெலும்புகள். ஒவ்வோர் இடுப்பெலும்பின் அகன்ற மேற்பகுதியும் புடைதாங்கி எனப்படும். இடுப்பெலும்புகள் இரண்டும் திருவெலும்புடன் சேருமிடங்கள் பின்மூட்டுக்கள். அவை தம்முள் முன்பக்கத்தே கூடுமிடம் பூப்பென்பு ஒட்டு. 'திருவெலும்பு' என்பது புனிதமான எலும்பு எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைத் தழுவிய ஆக்கம். மூட்டு மருங்குகளையெல்லாம் பந்தகம் எனப்பெறும் பிணைப்பு நார்கள் இறுகப் பற்றியுள்ளன.

முதுகெலும்பின் வழியே இறங்கும் உடற்பாரம் திருவெலும்பில் வந்து தங்கி, அங்கிருந்து இருதொடைகளுக்கும் பிரிந்து செல்லும். இதனைக் கண்டோர் பலர் திருவெலும்பை வளைவின் முடிக்கல்லுக்கு ஒப்பிடுவர். முடிக்கல் தன் பாரத்தாலேயே இறுகி நிற்பது. முன்னிருந்து நோக்கின் இவ்வுவமை ஒருவாறு பொருந்தும். திருவெலும்பு மேலே அகன்று கீழே குறுகியதன்றோ? மேலிருந்து வளையத்தினுள் நோக்கினாலோ செய்தி தலைகீழாகும். ஆண்டுத் திருவெலும்பின் முன்பக்கமே அகலமானது. பாரம் அழுத்துந்தோறும் அது முன்னோக்கி நழுவவே முற்படும். அதனை நழுவவிடாது தாங்குவன பின்புறத்துப் பந்தகங்களே. மனித உடலின் மிக வலிய பந்தகங்களுள் அவை வைத்து எண்ணப்படும். ஆகவே முடிக்கல் என்பதினும் தொங்குபாலம் என்பதே தக்க உவமை. கூபகத்தின் எலும்புகள் தம் வடிவால் நிலைபெறுவனவல்ல. பந்தகங்களைக் களைந்துவிடின் மூன்றும் தனித்தனியே வீழ்ந்துவிடும். இயற்கை இவ்வளையத்தைக் கட்டுமரம் போலக் கட்டியே வைத்துளது.

வளையத்தின் நிலைபேற்றில் பின்பகுதியின் பங்கு 60 விழுக்காடு, முன்பகுதியின் பங்கு 40 விழுக்காடு என்பது வழங்கிவரும் கணக்கு. கனடா நாட்டு மருத்துவர் மார்வின் டைல் இம்முறிவுகளை மூவகைப்படுத்தியதும் பின்கட்டின் நிலையை நோக்கியே. பின்கட்டு குலையாத முறிவு முதல்வகை. இதற்கு ஓய்வே பெரும்பாலும் போதும். முன்பக்கம் திறந்து இடுப்பெலும்பு புத்தகம்போல் விரிந்தும் பின்பந்தகங்கள் ஓரளவேனும் எஞ்சியிருப்பது இரண்டாவது. இது சுழலும், மேலேறாது. பின்கட்டு முற்றும் அற்றுப்போய், ஒருபக்க இடுப்பெலும்பு சுழன்றும் மேல்நோக்கி நகர்ந்தும் போவது மூன்றாவது. சாலை விபத்திலும் உயரத்தினின்று வீழ்தலிலும் நேர்வன பெரும்பாலும் பின்னிரண்டே.

மூன்றாம் வகையிற் புறக்கட்டு ஏன் பயன்படாது என்பது இனி விளங்கும். கையைச் சூழ்ந்து மூங்கிற்சிம்பு வைப்பதுபோல் கூபகத்தின் பின்மூட்டைச் சூழ்ந்து ஒன்றும் வைத்தல் இயலாது. அது தசையினுள் ஆழ்ந்து கிடப்பது. மேலும் கீழும் உள்ள மூட்டுக்களை நிறுத்துவதாயின் முதுகையும் தொடைகளையும் ஒருங்கே நிறுத்தவேண்டும். துணியும் சிம்பும் பக்கவாட்டில் நெருக்கவல்லன. மேல்நோக்கி ஏறும் எலும்பைத் தடுக்கவல்லன அல்ல. கட்டுபவரின் கைத்திறத்தில் ஐயமின்று. கட்டுதற்குரிய இடத்திலேயே குறையுளது. ஏறிய நிலையிலேயே எலும்பு கூடிவிடின் ஒருகால் குட்டையாகும். அமர்வதும் நடப்பதும் வாழ்நாள் முழுதும் துன்பமாகும்.

திருகாணி இங்கேதான் வேண்டப்படுகிறது. புடைதாங்கியின் வெளிப்புறத்தே சிறு கீறலிட்டு, பின்மூட்டை ஊடுருவித் திருவெலும்பின் முதற்கணுவின் உடல்வரை அதனைச் செலுத்துவர். ஊடுகதிர்த் திரையைப் பார்த்தவண்ணம் தோலின் வழியே செலுத்தும் இம்முறையை 1990-களில் அமெரிக்கச் சியாட்டில் நகரத்து மருத்துவர் சிப் ரூட் முதலானோர் பரப்பினர். ஆணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிப்புடையது, நடுவே துளையுடையது. முதலில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, வழி நேரியது என்று கண்டபின் அக்கம்பியின்மேல் ஆணியைக் கோத்துத் திருகுவர். வழியோ மிகக் குறுகியது. மேலே ஐந்தாம் இடுப்பு நரம்பின் வேரும் கீழே முதல் திருநரம்பின் துளையும் இருக்க, இடைப்பட்ட எலும்பினூடே செல்லவேண்டும்.

ஆணியின் முனைப்பகுதியில் மட்டும் புரி வெட்டியிருப்பின், அப்புரி திருவெலும்பைப் பற்றியிழுக்க, தலை புடைதாங்கியை அழுத்த, முறிந்த முகங்கள் இரண்டும் நெருங்கி இறுகும். அந்நெருக்கத்தால் எழும் உராய்வே நழுவலைத் தடுக்கும் முதல் ஆற்றல். (கயிற்றின் முறுக்கிழையும் புரி, திருகின் வரியும் புரி, கட்டுக்கும் திருகுக்கும் பொதுவான இச்சொல் தமிழிலக்கணிகளின் கருத்துக்குரியது. பட்டறையில் வழங்கும் 'மரை' என்பதோ மூளை கலங்கியவரைக் குறிக்கும் மரபுத்தொடரில் மட்டுமே பலர்க்கு அறிமுகம்.) முறிவு நரம்புத் துளைகளின் வழியே சென்றிருப்பின் மிகுந்த நெருக்கம் நரம்பை நசுக்கும், ஆண்டு முழுநீளமும் புரியுடைய ஆணியால் நெருக்காது நிறுத்துவர்.

ஓராணி போதுமா? ஒற்றையாணி முறிந்த பகுதிக்கு அச்சாகிவிடும். வண்டிச்சக்கரம் அச்சைச் சுற்றுவதுபோல் எலும்பு அதனைச் சுற்றிச் சுழலும். இரண்டாயின் சுழற்சி தடைப்படும். ஒருபக்கப் புடைதாங்கியினின்று திருவெலும்பு முழுதையும் கடந்து மறுபக்கப் புடைதாங்கிவரை செல்லும் நெடிய ஆணி, இருமருங்கும் பற்றுவதால் இன்னும் உறுதி பெறும். முன்வளையத்தையும் நிறுத்துவதால் பின்னாணியின் சுமை குறையும். திருவெலும்பு நெடுக்காகப் பிளந்து மேலேறிய முறிவில் ஆணிகள் மட்டும் வளைந்தோ தளர்ந்தோ போதலுண்டு. அத்தகையோர்க்கு முதுகெலும்பையும் புடைதாங்கியையும் தண்டால் இணைப்பர். எலும்புப்புரை நோயுற்ற முதியோரின் எலும்பில் புரி பற்றுதல் அரிது. எவ்வாணியாயினும் எலும்பு கூடும்வரையே அதன் பணி. கூடுதல் தாமதித்தால் உலோகம் களைத்துப்போம்.

இவ்வளவும் கூறியதனாற் கட்டு பயனற்றது என்பார் பிழைபடுவர். கூபகம் விரிந்தவுடன் உள்ளே பெருகும் குருதியே முதற்கட்டத்தில் உயிரைக் கொள்வது. வளையத்தைச் சுருக்கினால் அப்பெருக்குக் குறையும். மடித்த போர்வையாலோ வேட்டியாலோ சுற்றி இறுக்கி, ஆளை உருட்டாது பலகையிற் கிடத்திக் கொண்டுசெல்லுதல் உலகெங்கும் ஒப்புக்கொண்ட முதலுதவி. கட்டுமிடமே இன்றியமையாதது. வேட்டி உடுக்கும் இடுப்பில் அன்று. தொடையின் புறத்தே கைக்குத் தட்டுப்படும் எலும்புமேட்டின் மட்டத்திற் கட்டவேண்டும். மேலே கட்டின் வளையம் சுருங்காது. ஏரித்தீவினின்று படகிலேற்றிப் பொன்னேரி கடந்து சென்னை சேரவேண்டியவர்க்கு இவ்வொரு செய்தி அறுவையினும் முற்பட்டது. இதனைக் குப்பத்து மொழியிற் சொல்லிவைத்தல் தமிழறிந்தார் செய்யத்தக்க பணி.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் இடுகாட்டு வாயிலில் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. தசையும் பந்தகமும் நீங்கிய கூடு நிமிர்ந்து நிற்பது சிற்பத்தில் மட்டுமே கூடும்.

அறுவை முடிந்தபின் 'காலூன்றாதீர்' என்று மருத்துவர் பல வாரங்களுக்கு விலக்குவர். ஆழங்குறைந்த இவ்வேரியில் கழியூன்றிப் படகு செலுத்துவோனும், வீச்சுவலையைச் சுழற்றி எறிவோனும், உடலை முறுக்கி ஒருகாலிற் பாரந்தாங்கி நிற்பர். ஆணியின் உறுதியை ஆய்வுக்கூடங்களிற் சோதிப்போரும் செயற்கைக் கூபகத்தை ஒருகாலில் நிற்கும் நிலையிலேயே பெரும்பாலும் நிறுத்திப் பாரமேற்றி, முறிந்த முகம் எத்துணை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளக்கின்றனர்.