முள்வேலியும் பட்டாவும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், சரிவெங்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலுக்கு மின்னிக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே அமைந்திருக்கும் திரிங்காப் என்னும் சிற்றூரைக் கடந்து செல்பவர்களில் பெரும்பாலோர், அது 1948இல் பிரகடனமான அவசரகாலத்தின் பயனாய் எழுந்த ‘புதுக்கிராமங்கள்’ என்ற வரிசையைச் சேர்ந்தது என்பதை அறியாமலே கடந்து செல்கிறார்கள். அதற்குத் தெற்கே சுங்கை பாலாஸிலும் வடக்கே புளூ வேலியிலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அத்தோட்டங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்து, பெரட்டுக்கு எழுந்து, கொழுந்து கிள்ளி, பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். திரிங்காப் சர்க்கார் கணக்கில் ஒரு கிராமமாகி, கிராமத்துக்குரிய தலைவரையும் பள்ளியையும் தெருவையும் பெற்றது. லயமோ கம்பெனிச் சொத்தின் ஓர் அங்கமாகவே நின்றுவிட்டது. அருகருகே கிடக்கும் இவ்விரண்டு குடியிருப்புகளின் கதி ஏன் இப்படி இருவேறாய்ப் பிரிந்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், அது கொண்டுபோய் நிறுத்துகிற இடம், அரசாங்கங்கள் சட்டம், ராணுவம், வெளிவிவகாரம் ஆகிய துறைகளில் நடத்தும் கொள்கை ஆராய்ச்சியின் மேஜையாகும்.

அத்தகைய ஆராய்ச்சி தலைநகரத்துப் பண்டிதர்களின் காரியம் என்றும், கூடை சுமக்கிறவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்றும் எண்ணுவது நம்மவரிடையே ஊறிப்போன அபிப்பிராயம். ஆனால் மலாயாத் தமிழன் எங்கே குடியிருக்கலாம், வாரத்துக்கு எவ்வளவு அரிசி வாங்கலாம், எந்த நிறத்து அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம் என்பவற்றையெல்லாம் நிச்சயித்தவை, அவன் கண்ணில் ஒருநாளும் படாத அறிக்கைகளே.

பழைய அறிக்கைகள்

தொழிலாளரின் கதியை அறிக்கைகளால் நிச்சயிக்கும் இவ்வழக்கம் அவசரகாலத்துக்கு முந்தியது. 1917ஆம் ஆண்டிலேயே மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கையிலும் மலாயாவிலும் உள்ள இந்தியத் தொழிலாளரின் நிலைமையை விசாரித்து அறிக்கை தந்தார்கள். 1936இன் இறுதியில் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, மறு ஆண்டில் தம் அறிக்கையை வெளியிட்டார். அது முதலாளிமாரிடம் மிகவும் இதமாக நடந்துகொண்டது என்று அக்காலத்து மலாயா இந்தியர் சங்கத்தார் குறை கூறினார்கள். ரப்பர் விலை சரிந்து கூலி குறைக்கப்பட்டபோது, 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவிபெற்றுக் கூலிகள் கப்பலேறுவதையே தடை செய்தது. இரண்டு சர்க்கார்களுக்கிடையே எழுந்த ஒரு வெளிவிவகாரத் தகராறு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் சேலத்திலும் இருந்த குடும்பங்களைக் கடலுக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரித்தது.

சட்டம்

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிரகடனமான அவசரகாலம், ஒரே ஆண்டுக்குள் சட்டத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. அனுமதியின்றி ஆயுதம் தாங்கினால் மரண தண்டனை; விசாரணையின்றிக் காவலில் வைக்க அதிகாரம்; 1949இன் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 17டி விதியின்படி ஒரு வட்டாரத்து ஜனங்களைக் கூண்டோடு பிடித்து அடைக்கவும் நாடு கடத்தவும் அதிகாரம்; பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை. இன்று வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் எடுத்துச் செல்லும் ‘ஐசி’யின் பூர்வோத்தரம் அதுதான்.

இச்சட்டத்தின் வாயிலில் நின்ற இரண்டு தமிழர்களின் கதையை ஒருங்கே வைத்துப் பார்ப்பது நன்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் கைதானார். ஆயுதம் வைத்திருந்தார் என்று குற்றம் நிரூபிக்கப்பட்டதாகத் தீர்ப்பாகி, மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுதந்திரம் பெற்று இரண்டாண்டுகூட நிரம்பாத இந்தியாவின் சர்க்கார் அவருடைய உயிருக்காக மன்றாடியும் பலிக்கவில்லை. மற்றவர் சாம்பசிவம். அவர்மீது ரிவால்வர் தாங்கியது, தோட்டாக்கள் வைத்திருந்தது என இரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. முதல் விசாரணையில் தோட்டா வழக்கில் விடுதலை கிடைத்தது. ரிவால்வர் வழக்கில் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த அஸெஸர்கள் நிரபராதி என்று சொல்ல, நீதிபதி அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மறுவிசாரணையில் போலீசார் கொண்டுவந்த வாக்குமூலம் ரிவால்வரையும் தோட்டாக்களையும் ஒருசேர ஒப்புக்கொள்வதாக இருந்தது. அதை நம்பி மரண தண்டனை விதித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. தோட்டா வழக்கில் விடுதலையானவர் அக்குற்றத்தைப் பொறுத்தவரை நிரபராதி என்பது முடிந்த முடிவு. அதற்கு முரணான வாக்குமூலத்தை, அந்த விடுதலையைப் பற்றி அஸெஸர்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், மறுபடியும் பிரயோகித்தது நியாயமாகாது என்று 1950இல் தீர்ப்பளித்து, பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் இந்திய சுப்ரீம் கோர்ட் பிரீதம் சிங் வழக்கில் அத்தீர்ப்பை மேற்கோளாக எடுத்தாண்டது. மலாயாவின் தமிழர் ஒருவர் பெயரால் வழங்கும் அந்தத் தீர்ப்பை இன்றும் பல நாட்டு வக்கீல்கள் நியாயஸ்தலங்களில் எடுத்துச் சொல்கிறார்கள். நம்மிடையே எத்தனை பேருக்கு அது தெரியும்?

வேலி

1950 ஏப்ரலில் யுத்த நடவடிக்கைகளின் டைரக்டராக வந்த ஜெனரல் ஸர் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின் கருத்து எளிமையானது: காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறும் செய்தியும் தருவது காட்டோரத்து ஜனங்கள், அந்த ஜனங்களை ஓரிடத்தில் திரட்டி வேலியிட்டுவிட்டால் காடு பட்டினி கிடக்கும். அவ்வாறே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர். இந்தியரின் பங்கு மிகச் சொற்பம். ஆகையால் புதுக்கிராமம் என்றாலே அது சீனரின் கதை என்று நாமும் ஒதுக்கிவிடுகிறோம்.

ஆனால் அதே திட்டத்துக்கு மற்றொரு பாதி உண்டு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்ட, சுரங்கத் தொழிலாளர்கள், சிதறிக் கிடந்த தங்கள் லயங்களை விட்டு, முதலாளியின் நிலத்துக்குள்ளேயே ஓரிடத்தில் நெருக்கி வைக்கப்பட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் காவல். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் ஆணையும் பெண்ணையும் வாசலில் நிறுத்தி, மடியையும் கூடையையும் வாளியையும் சோதித்து, ஒரு பிடி அரிசி இருந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள். கடையில் டின் பால் வாங்கினால், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேமித்துவைக்க முடியாதபடி, கடைக்காரரே டின்னில் ஓட்டையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு முற்றிய வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்திருப்பதே குற்றம். பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோற்றைத்தான் வாங்கிச் செல்ல வேண்டும். சோறு ஒரு நாளில் ஊசிப்போகும், அரிசி ஊசாது என்பதை அறிந்த கணக்கு அது.

வேலிக்குள் அடைபட்ட மூன்றாவது கூட்டத்தார் கேமரன் மலை உள்ளிட்ட மலாயாக் காடுகளுக்கு உரிய ஒராங் அஸ்லி மக்கள். காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் வைக்கப்பட்ட அவர்களில் பலர் நோயாலும் ஏக்கத்தாலும் மாண்ட பிறகே, ஜனங்களை இறக்குவதை விட்டுக் காட்டுக்குள் கோட்டைகளை அமைத்து மருந்தும் கடையும் அவர்களிடம் கொண்டுபோவது என்று கொள்கை திருத்தப்பட்டது. 1954இல் அவர்களுக்கெனப் பிரத்தியேகச் சட்டமும் வந்தது. இறந்தவர்களின் தொகையைக் கண்டு கொள்கை திருந்தியது என்பது உண்மையாயினும், இறப்பதற்கு முன் அவர்களைக் கேட்டிருக்கலாம் என்பதும் உண்மையே.

ஆராய்ச்சியாளர்

இவ்வனுபவத்தை ஆராய உலகத்தின் பல திசைகளிலிருந்தும் வந்தார்கள். அமெரிக்கப் பேராசிரியர் லூசியன் பை, சரணடைந்த கெரில்லாக்கள் அறுபது பேரைப் பேட்டி கண்டு 1956இல் நூல் எழுதினார். அவர் பேசியவர்கள் சீனர்கள். கோரி என்னும் அதிகாரி 1954இல் புதுக்கிராமங்களைச் சுற்றிப் பார்த்துப் பொது மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தார். வியட்நாம் யுத்தம் மூண்ட காலத்தில், அமெரிக்க ராணுவத்துக்கு ஆலோசனை கூறும் ராண்ட் ஸ்தாபனம் மலாயாவின்மேல் கண் வைத்தது: அதன் சார்பில் ரைலி ஸண்டர்லண்ட் 1964இல் உளவு, படை நடவடிக்கை, குடியேற்றமும் உணவுக் கட்டுப்பாடும் எனத் தனித்தனி அறிக்கைகள் எழுதினார்; 1972இல் ராபர்ட் கோமர், படைபலத்தைக் காட்டிலும் சிவில் நிர்வாகமும் போலீசும் ராணுவமும் ஒரே தலைமையில் இயங்கிய ஏற்பாடே வெற்றிக்குக் காரணம் என்று முடிவு கூறினார்.

இதற்கிடையில் மலாயாவில் அனுபவம் பெற்ற ஸர் ராபர்ட் தாம்ஸன், 1961இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராகச் சைகோனுக்குச் சென்றிருந்தார். 1962இல் தென் வியட்நாம் சர்க்கார் ஆயிரக்கணக்கில் வேலியிட்ட கிராமங்களை அமைக்கத் தொடங்கியது. மறு ஆண்டு இறுதியில் ஜனாதிபதி நியோ டின் டியெம் கொலையுண்டதும் அத்திட்டம் குலைந்தது. ஒரே வைத்தியம் ஓரிடத்தில் பலித்து மற்றோரிடத்தில் பலிக்காமற் போனதற்குப் பல காரணங்கள் கூறுவர். அவற்றுள் தலையாயது இது: மலாயாவின் காட்டோரத்துச் சீனர் நிலவுரிமையில்லாத குடியேறிகள், வேலிக்குள் கொண்டுவரப்பட்டபோது அவர்களுக்கு மனையும், காலப்போக்கில் அதன்மேல் குத்தகைப் பத்திரமும், 1952இன் பிரஜாவுரிமைத் திருத்தமும், 1955இன் தேர்தலும், 1957இன் சுதந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. வியட்நாம் உழவனோ பாட்டன் சமாதியிருந்த சொந்த நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டான். அங்கே வேலி மட்டும் போய்ச் சேர்ந்தது, பட்டா போகவில்லை.

பட்டா

இந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு நம் லயங்களுக்குத் திரும்புவோம். தமிழ்த் தொழிலாளிக்கும் வேலி வந்தது, சோதனை வந்தது, ரேஷன் வந்தது; பட்டா வரவில்லை, ஏனெனில் அவன் நின்ற நிலம் கம்பெனியுடையது. வேலி பிரிக்கப்பட்ட நாளில் புதுக்கிராமத்தார் ஊர்க்காரராக எஞ்சினார்கள். லயத்தார் கூலிக்காரராகவே எஞ்சினார்கள். வியட்நாமில் இரண்டே ஆண்டில் வெளிப்பட்ட கோளாறு, இங்கே நம்மவரின் பொறுமையினால் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன.

ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டு போட்டபோது குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பேராசிரியர் உங்கு அஜீஸ் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறுபதுகளின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை அளித்தார். அதற்கு முன்பே, அவசரகாலம் பிறந்த அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியிருந்தார். நிலமே மருந்து என்பதை எந்த அந்நிய ஆராய்ச்சியாளருக்கும் குறையாமல் கண்டுகொண்டவர் அவர். ஆனால் நோயின் பரப்புக்கு மருந்து போதவில்லை.

பிரஜாவுரிமையிலும் இதே கதைதான். ரீட் கமிஷன் 131 மனுக்களைப் பெற்று ஆராய்ந்து வகுத்த அரசியலமைப்பில், சுதந்திர நாளன்றும் அதற்குப் பின்னும் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்புரிமை கிடைத்தது. முன்பே வந்து உழைத்தவர்கள் விண்ணப்பம் போட்டு, ஆண்டுக் கணக்குக் காட்டி, மலாய் மொழியறிவையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத பாட்டாளி சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டான். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிரஜையல்லாதாருக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கவே, பல்லாயிரம் பேர் தாங்கள் மறந்துபோன தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் 2007 நவம்பரில் கோலாலம்பூர் வீதிகளில் உரிமை கேட்டுத் திரண்டபோது, அவர்களின் தலைவர்கள் ஐவரை அடைக்கப் பயன்பட்டது 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். அவசரகாலம் முடிந்த மறுநாளே அதன் வாரிசாகப் பிறந்த அச்சட்டம் 2012இல்தான் ரத்தாயிற்று.

இத்தனைக்கும் நடுவே ஆராய்ச்சி நூல்களில் தமிழனுக்குக் கிடைத்த இடம் சொற்பம். காரணம் வெளிப்படை: அவன் காட்டுக்குள் பெருங்கூட்டமாகப் போகவில்லை; ஆகவே பிரச்சினையாகத் தோன்றவில்லை; ஆகவே ஆராயப்படவுமில்லை. பிரச்சினை செய்தவர்களை மட்டுமே எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சி, அமைதியாயிருந்தவர்களைத் தண்டிக்கிறது என்பதே அந்நூல்களைப் புரட்டியபின் நான் வந்த முடிவு. விலக்காகக் குறிப்பிடத்தக்கவர் கெர்னியல் சிங் சந்து. 1964இலேயே குடியேற்றத்தின் இரண்டு பாதிகளையும் கணக்கிட்டு எழுதிய அவர், 1969இல் மலாயா இந்தியர் வரலாற்றைப் பெருநூலாகத் தந்து, பின்னர் சிங்கப்பூரில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தை நெடுங்காலம் நடத்தினார். நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தால் எவை கணக்கில் ஏறும் என்பதற்கு அவரே சான்று.

பிரிட்டன் ஹான்ஸ்லோப் பார்க்கில் மறைத்து வைத்திருந்த காலனி ஆட்சிக் கோப்புகள் 2012 முதல் லண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் படிப்படியாகத் திறக்கப்பட்டிருக்கின்றன. கோலாலம்பூரின் தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கிறது. சட்டமும் சரித்திரமும் படிக்கும் நம் பிள்ளைகள் தங்கள் பட்ட ஆராய்ச்சிக்கு இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 1950இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு வேலி போட்டார்கள், நிலம் யாருடையது, துரையும் கிராணியும் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு, தேதியும் இடமும் போட்டு இந்த மாதமே எழுதி வையுங்கள்.