டிரம்மர் காலைப் பார்

"கையப் பாக்காத தம்பி, என் காலப் பாரு."

யானைக்கவுனியில் ஒரு மொட்டை மாடி ஷெட். ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரிக்கு ஒத்திகை. டிரம்ஸ் வாசித்த அண்ணன் என்னிடம் முதன்முதலில் பேசியது இதுதான். அதுவரை ஒன்றரை வருடம் கதவைச் சாத்திக்கொண்டு, சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமோடு பேஸ் கித்தார் பழகியிருந்தேன். தாளம் விரலில் உட்கார்ந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். முதல் பாட்டின் சரணத்துக்கு வருவதற்குள் நானும் டிரம்ஸும் பிரிந்துவிட்டோம். சுரம் ஒன்றும் தப்பவில்லை. அவர் கிக் டிரம்மை மிதிப்பதற்கு ஓர் இம்மி முன்னால் நான் விழுந்துகொண்டே இருந்தேன்.

அந்த இம்மியை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். மெட்ரோனோம் சத்தத்துக்குச் சரியாக விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் தங்களுக்கே தெரியாமல் சில பத்து மில்லி நொடி முந்தித் தட்டுகிறார்கள். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இது குறைவு. மெட்ரோனோம் இதைக் கண்டுகொள்ளாது. நாம் முந்தினாலும் பிந்தினாலும் அது தன்பாட்டுக்குப் போகும். ஆனால் எதிரில் வாசிப்பவர் மனிதராக இருந்தால், அவரும் நம்மைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறார். கணக்கே மாறிவிடுகிறது.

நான் 20 மில்லி நொடி முந்திவிட்டேன் என்று வையுங்கள். அடுத்த அடியில் அதை முழுதாகச் சரிசெய்யப் பின்வாங்குகிறேன். என்னோடு சேர வேண்டும் என்று அவரும் அதே அடியில் முழுதாக முன்னே வருகிறார். விளைவு, இப்போது அவர் என்னைவிட 20 மில்லி நொடி முந்தி. தப்பு இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. ஆகவே இருவரும் தப்பில் ஒரு பங்கை மட்டும் திருத்த வேண்டும். எவ்வளவு பங்கு என்பது எதிரில் இருப்பவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆலன் விங் குழுவினர் 2014இல் இரண்டு நால்வர் தந்தி இசைக் குழுக்களில் இந்தப் பங்கை அளந்தார்கள். ஒரு குழுவில் மற்ற மூவரும் முதல் வயலினுக்கு அதிகம் வளைந்தார்கள். இன்னொன்றில் நால்வரும் ஏறக்குறையச் சமமாக வளைந்தார்கள். இரண்டுமே தேர்ந்த குழுக்கள். துளியும் வளையாத மெட்ரோனோமிடம் இந்தப் பாடத்தை எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் படிக்க முடியாது. தாளம் பழக நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பேஸ் வாசிப்பவருக்கு இது இன்னும் பெரிய பொறுப்பு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரல் டிரெய்னரும் மைக்கேல் ஹோவ் உள்ளிட்ட ஆய்வாளர்களும் ஒரு கீழ்ச்சுரத்தையும் ஒரு மேல்சுரத்தையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, இடையிடையே ஒன்றை மட்டும் 50 மில்லி நொடி முந்த வைத்தார்கள். கீழ்ச்சுரம் முந்தியபோது கேட்டவர்களின் மூளை அதை இன்னும் பலமாகக் கண்டுகொண்டது. கூடவே தட்டிய விரல்களும் கீழ்ச்சுரத்தின் பக்கமே அதிகம் சாய்ந்தன. அதற்கான வேர் உட்செவியிலேயே இருக்கிறது என்பது 2014இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. லீட் கித்தார் கொஞ்சம் தடுமாறினால் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். பேஸ் தடுமாறினால், என்ன ஆனது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஆடுகிற கால் நின்றுவிடும்.

அண்ணன் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டதற்கும் காரணம் உண்டு. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி பிடிக்கும். மேடையில் பத்து மீட்டர் தள்ளி நின்றால் அவர் மிதி எனக்கு 30 மில்லி நொடி தாமதமாக வரும். என் பதிலும் அதே தாமதத்தோடு அவரிடம் போகும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்துக் கைதட்டச் சொல்லி இதைச் சோதித்தார். தாமதம் கூடக்கூடத் தாளம் இழுபட்டது. வியப்பு என்னவென்றால், தாமதம் 10 மில்லி நொடிக்கும் கீழே போனபோது தாளம் ஓட ஆரம்பித்தது. கொரோனா நாட்களில் இணையத்தில் சேர்ந்து வாசிக்கப் பார்த்தவர்களுக்கு இந்த இழுவை நன்றாகத் தெரியும்.

பக்கத்தில் இருந்து வாசிப்பதன் பலனைக் கேட்க வேண்டுமென்றால், 1980களின் இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸையும் புருஷோத்தமனின் டிரம்ஸையும் மட்டும் பிரித்துக் கேளுங்கள். பேஸ் வரியை ராஜா தாளில் எழுதித் தந்துவிடுவார். ஆனால் அது டிரம்ஸின் மேல் எங்கே உட்கார வேண்டும் என்பதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்துத்தான் அது கூடி வரும்.

வடசென்னைக்காரருக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. கானா. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சட்டியையும் கட்டை மோளத்தையும் டிரம்ஸ், கித்தாரோடு சேர்த்ததை ஊரே பேசியது. கானா பாடகர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும்போது, எப்போது விடுவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. மெட்ரோனோம் இங்கே உதவாது.

எங்கள் ஒத்திகையில் அப்படி ஒருவர் இருந்தார். பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் தினமும் ஒரு மாதிரி இழுப்பார். அண்ணன் மட்டும் எப்படிச் சரியாக இறங்குகிறார் என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. ஒருநாள் அவர் காலை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். அவர் கண் பாடகரின் தோள்மேல் இருந்தது. மூச்சு இழுக்கையில் தோள் லேசாக ஏறும். அது தணியும்போது சொல் வந்து விழும். அன்றிலிருந்து நானும் அந்தத் தோளைப் பார்க்கத் தொடங்கினேன்.