முதலில் பள்ளிக்கூடம், பிறகு வாடகை!

மனைவி, மக்களை மும்பைக்கு அழைத்து வருகிறவர் முதலில் விசாரிப்பது வாடகையை. விசாரிக்க வேண்டியதோ பள்ளிக்கூடத்தை!

வாடகை குறையக் குறைய வீடு தள்ளிப் போகும். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தானே 34 கிலோமீட்டர். கல்யாண் சுமார் 54. மின்சார ரயில் நெரிசலை அப்பா தாங்கிக்கொள்வார். ஆறு வயதுக் குழந்தை தாங்குமா? பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். ரயில் அலைச்சல் அப்பாவோடு நிற்கட்டும்.

தாராவி, மாதுங்கா, செம்பூர், டோம்பிவிலியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவசரத்துக்குத் துணை கிடைக்கும். ஆனால் பள்ளியில் மராத்தி கட்டாயம். 2020-ல் சட்டமே வந்தது. சிறு வகுப்பிலேயே சேர்த்தால் சிரமம் குறைவு. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி என்றால், எந்த வகுப்பு வரை உண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இடம் மறுக்கக் கூடாது.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்றும் விசாரியுங்கள்.

வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். அதை எழுத்தில் பதிவு செய்வது 1999 வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. ஜூனில் தொடங்கினால் மே மாதத்தில் முடியும். அக்டோபரில் தொடங்கினால் படிப்பின் நடுவே மூட்டை கட்ட நேரலாம். தேதி பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்!