பரணில் இருக்கும் கரிக் குக்கர்: நோயாளிக்குச் சமைக்கும் முன்

வீடு திரும்பும் நோயாளிக்குக் குழைந்த சோறு, கஞ்சி, மசித்த பருப்பு, ஆவியில் வெந்த காய் என்று நாங்கள் உணவு முறை எழுதிக் கொடுக்கும்போது, மலையின் பழைய வீடுகளில் பரண் திறக்கப்படுகிறது. பாட்டி காலத்து அடுக்குக் குக்கர் ஒன்று அங்கே கிடக்கும். உயரமான உருளை, அதனுள் டிபன் கேரியரைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் பித்தளைப் பாத்திரங்கள், அடியில் கரித்தணல் வைக்கும் தட்டு. தலைச்சோலையிலும் ஏற்காட்டைச் சுற்றிய பிற ஊர்களிலும் இத்தகைய குக்கரை வைத்திருப்போர், இதில் நோயாளிக்குச் சமைக்கலாமா என்று கேட்கலாம். சமைக்கலாம். எங்கே வைத்துச் சமைப்பது, பாத்திரத்தின் உட்புறம் எப்படி இருக்கிறது என்னும் இரண்டையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகைக் குக்கரை 1910ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த இந்துமாதவ் மல்லிக். அவரும் ஒரு மருத்துவரே. 'இக்மிக் குக்கர்' என்பது அதன் பெயர். தமிழ்நாட்டு வீடுகளில் இதே வகை 'ருக்மணி குக்கர்' என்ற பெயரில் பழக்கமாயிற்று. பிரஷர் குக்கரைப் போல இதில் அழுத்தம் இல்லை, விசில் இல்லை. மெல்லிய தணலில் எழும் நீராவியே உணவை நிதானமாக வேகவைக்கும். எண்ணெய் குறைவாகச் சேர்க்க வேண்டியவருக்கும், மெல்ல இயலாதவருக்கும் ஏற்ற சமையல்தான்.

ஆபத்து கரியில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சேர்வராயன் மலையின் குளிரையும் பனிமூட்டத்தையும் அறியாதவர் இல்லை. நோயாளிக்குக் குளிர் படக்கூடாது என்று சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி வைத்து, அறையின் மூலையிலேயே குக்கரை வைத்துவிட்டால் இரண்டு பயன் என்று தோன்றும். சோறும் வேகும், அறையும் கதகதக்கும். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கி, சாம்பல் பூத்து, 'நல்ல தணல்' என்று நாம் சொல்லும் நிலையிலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பற்றுவதைவிட இவ்வாயு இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இன்றித் தவிக்கும்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி ஆகியவை முதல் அறிகுறிகள். ஏற்கெனவே நோயுற்றிருப்பவரிடம் இவை தோன்றினால் நோயின் தொடர்ச்சி என்றோ மருந்தின் விளைவு என்றோ எண்ணி விட்டுவிட எல்லா வாய்ப்பும் உண்டு. உறங்குபவர் அறிகுறியையே உணராமல் மயக்கத்துக்குள் போய்விடலாம். இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்குத் தீங்கு மேலும் விரைவாக நேரும். கொரோனா காலத்தில் பலர் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இதில் நம்பக்கூடாது. கார்பன் மோனாக்சைடு பற்றிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே எடுத்துக்கொண்டு 98, 99 என்று காட்டக்கூடும். கரி எரிந்த அறையில் ஒருவருக்கு மேற்சொன்ன அறிகுறிகள் தோன்றினால் உடனே அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். அறையில் கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தியே சரியான சிகிச்சைக்கு வழிகாட்டும்.

ஆகவே குக்கரைத் தாழ்வாரத்திலோ, கூரையுள்ள திறந்த முற்றத்திலோ வையுங்கள். சமைத்து முடித்தபின் தணல் தட்டை உள்ளே எடுத்து வர வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ செறிவூட்டியோ பயன்படுத்துவோர் இருந்தால் அதன் அருகில் எந்த நெருப்பும் கூடாது.

இனிப் பாத்திரத்தின் உட்புறம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் ஆகியவற்றின் புளிப்பு பட்டால் செம்பு உணவில் இறங்கும். வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். அதைத் தடுக்கவே நம் முன்னோர் உள்ளே ஈயம் பூசினார்கள். வெள்ளி போல மங்கலாக மின்னும் பூச்சு முழுமையாக இருந்தால் நல்லது. மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தாலோ பச்சைக் களிம்பு கண்டாலோ மறுபடி பூசும்வரை அதில் சமைக்க வேண்டாம். பூசுபவரிடம் கேட்டுப் பெற வேண்டியது வெள்ளீயம். நம் பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். காரீயம் வேறு, அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பழைய பூச்சில் என்ன கலந்தது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. ஐயம் இருந்தால், குக்கருக்குள் அமரும் அளவில் எவர்சில்வர் பாத்திரங்களை வாங்கி மாற்றிக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பித்தளையை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். நீராவியில் அது உருகாது. அடியிலுள்ள நீர் வற்றிவிட்டாலோ வெறும் பாத்திரத்தைத் தணலில் வைத்தாலோ பூச்சு போய்விடும். புளியும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது வெளிப்புறத்துக்கு மட்டும். உட்புறத்தை இளஞ்சூடான சோப்பு நீரில் மென்மையான துணியால் கழுவுங்கள், கம்பி நார் படக்கூடாது. பனிமூட்ட நாளில் பாத்திரம் தானே உலராது. துணியால் துடைத்த பிறகே அடுக்குங்கள். உருளையின் சுவரில் சாம்பல் நிற நார்ப்பொருள் அடைத்திருந்தால் சுரண்ட வேண்டாம். பழைய வெப்பச் சாதனங்கள் சிலவற்றில் கல்நார் இருந்ததுண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய குக்கரைப் பயன்படுத்தாமல் விடுவதே முறை.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அழுத்தமற்ற குக்கரில் அதற்குமேல் சூடு ஏறாது. சேலத்தில் வேகும் நேரம் இங்கே போதாது. ராஜ்மாவை இதில் வேகவைக்கவே வேண்டாம். அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள நச்சு கடும் வாந்தியை உண்டாக்கும். அதற்கு, ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் பிரஷர் குக்கரில் வேகவைப்பதே சரி.

தணல் அணைந்த பின் சோறு மெல்ல ஆறும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருகத் தொடங்கும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. இரவு ஏற்றி வைத்துக் காலையில் எடுக்கும் பழைய வழக்கம், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போருக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் பொருந்தாது. வெந்ததும் பரிமாறுங்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

சில வீடுகளில் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய மின்சார ஸ்லோ குக்கரும் இருக்கும். அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். உள்ளே அமரும் பீங்கான் சட்டியில் விரிசல் இருந்தால், அல்லது மின்வடத்தின் உறை வெடித்திருந்தால், மின்மாற்றி வைத்துக்கூட அதை இயக்க வேண்டாம்.